பாவாடை நாடாவுக்கு அடியில்

தாண்டிக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்து இன்றோடு 11 நாள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்தச் சோதனையில் ஏதோ லேசாகத் தெரிகிறது என்று டைபாய்டு மருந்து. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. உனக்கு அப்போது பரீட்சை, அதனால் முழுதாகச் சொல்லவில்லை. 19 நாள். செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, குளுக்கோஸ், எதற்கும் அசையவில்லை. அப்பத்தா திருநீறு போட்டு மந்திரித்தும் பார்த்தாள். கடைசியில் வத்தலக்குண்டில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, அம்மாவைத் தலையிலிருந்து கால் வரை சோதித்தார். பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. நாடா உரசின புண் என்று இவள் விட்டிருக்கிறாள்!

ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், ஆனால் மாட்டில் ஒட்டுகிற உண்ணி இல்லை. புல் புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு. அது கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. முதலில் போட்ட அந்த செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து ஆரம்பித்து இரண்டாம் நாள் உடம்பு குளிர்ந்தது. விட்டிருந்தால் நுரையீரல், கிட்னி வரை போயிருக்கும் என்றார்.

பொங்கலுக்கு வந்தவன் காப்பிப் பழம் பறித்துவிட்டு லுங்கியோடு புல்லில்தானே உட்கார்ந்து சாப்பிட்டாய்? கடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் காய்ச்சல் காணும். கணக்கு ஒத்துவருகிறது. சென்னை டாக்டர் ஊருக்குப் போனதைக் கேட்டாரா? கேட்காவிட்டால் நீயே சொல். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு எல்லாம் பார். முதுகை ரூமில் இருக்கும் பையனைப் பார்க்கச் சொல், வெட்கப்படாதே. பொருக்கு இல்லை என்பதற்காக விட்டுவிடவும் கூடாது, எல்லோருக்கும் அது வருவதில்லை. இதற்கென்று முதல் வாரத்தில் எடுத்த ரத்தச் சோதனை இல்லை என்று காட்டியிருந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்.

இன்னொன்று. பெரியப்பா வீட்டு வெள்ளாடு குட்டி போட்டபோது வெறுங்கையால் இழுத்தாயே, அதையும் மறக்காமல் சொல். ஆட்டிலிருந்து புரூசெல்லா என்ற கிருமி தொற்றும். ராத்திரி வேர்வையும் இடுப்பு வலியுமாக வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குச் சோதனையே தனி.

இவை இரண்டும் இல்லையென்று ஆகி மூன்று வாரமும் தாண்டினால், நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் டிபி, இதய வால்வில் தொற்று என்று வேறு பக்கம் தேடுவார்களாம். அதுவரை போகவேண்டாம்.

டோலோ போடுவதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்து, நேரம் போட்டு எழுதிவை.

அம்மா நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் பை கட்டிவிட்டாள். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அவளை நிறுத்திப் பார்க்கிறேன்.

அப்பா