வீழ்ச்சியும் ஆணவ மலமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் அண்மையில் வந்த ஆன்மிகக் கட்டுரை ஒன்று, ஏதேன் தோட்டத்தில் ஆதாம் விலக்கப்பட்ட கனியைத் தின்றது, மேலைநாட்டு மறைஞானிகள் பேசும் ஆன்மாவின் வீழ்ச்சி, உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு என்று சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலம் ஆகிய மூன்றும் ஒரே உண்மைக்கு இடப்பட்ட மூன்று பெயர்கள் என்று கூறி முடிந்திருந்தது. எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டும்கூடத் தமக்குள் முரண்படுபவை; மூன்றாவதோ, மற்ற இரண்டும் எதன்மேல் நிற்கின்றனவோ அதையே மறுப்பது. சித்தாந்த வகுப்புகளில் பல ஆண்டுகள் பாடம் கேட்டவன், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் இம்மறைஞான நூல்களையும் ஆர்வத்தோடு படித்து வருபவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத விழைகிறேன். இடம் தந்து உதவ வேண்டுகிறேன்.

கிறிஸ்தவத் திருச்சபைகள் பொதுவாக ஏற்கும் போதனையின்படி, ஆதாம் மண்ணால் உருவாக்கப்பட்டு உடலோடு வாழ்ந்தவன். அவன் செய்த குற்றம் கட்டளையை மீறியது. அவன் இழந்தது இறைவனோடு தனக்கிருந்த உறவு. உடலெடுத்ததே தண்டனை என்று அப்போதனை சொல்வதில்லை. மறைஞான மரபுகள் பலவும் சொல்வதோ அதைத்தான். தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் முன் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் இறைவன் தோல் உடைகளைச் செய்து உடுத்தியதாக ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அதை ஏதோ ஒரு விலங்கின் தோல் என்று எண்ணிக் கடந்துவிடுவோம். 2-ஆம் நூற்றாண்டில் வாலண்டினஸ் என்ற ஞானவாத ஆசிரியரின் வழிவந்தோர் அந்தத் தோலை நம்முடைய சதையுடம்பு என்றே பொருள் கொண்டனர். அப்படிப் பொருள் கொண்டால் கதை முழுவதும் இடம் மாறிவிடுகிறது: தோட்டம் இப்பூமியில் இருந்த இடமாக இல்லாமல், உடல் வாய்ப்பதற்கு முந்திய ஒரு நிலையாகிவிடுகிறது.

வாலண்டினஸ் வழியினரையும் அவர்களைப் போல மறைவான ஞானத்தாலேயே விடுதலை என்று நம்பிய ஞானவாதக் குழுக்களையும் பற்றி நெடுங்காலம் உலகம் அறிந்ததில் பெரும்பகுதி, அவர்களைக் கண்டித்து எழுதிய இரேனியுஸ் போன்ற திருச்சபை ஆசிரியர்களின் வாயிலாக வந்ததே. 1945-இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்னும் ஊருக்கு அருகே, காப்டிக் மொழியில் எழுதப்பட்ட 13 பழஞ்சுவடிகள் கிடைத்த பிறகே அவர்களுடைய குரலைப் பரவலாகக் கேட்க முடிந்தது. அவற்றுள் ஒன்றான யோவானின் மறைநூல் வீழ்ச்சியை இப்படி விவரிக்கிறது. ஒளியுலகத்தைச் சேர்ந்த சோஃபியா என்னும் ஞான வடிவினள், பரம்பொருளின் இசைவோ தன் இணையின் இசைவோ இன்றித் தானாகவே ஒன்றைப் படைக்க விரும்பினாள். பிறந்தது சிங்க முகமும் பாம்பு உடலும் கொண்ட யால்டபவோத். தாயின் ஆற்றலில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டு இவ்வுலகைப் படைத்த அவன், தன்னைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று முழங்கினான். பின்னர் ஒளியுலகத்தார் செய்த சூழ்ச்சியொன்றில் சிக்கி அந்த ஆற்றலை ஆதாமின் முகத்தில் ஊதிவிட்டான். அன்றுமுதல் ஒளியின் பொறி மனித உடலுக்குள் சிறைப்பட்டிருக்கிறது.

இக்கதையில் ஏதேனின் கனி குற்றமாக இல்லாமல் விழிப்பின் தொடக்கமாகிறது. இதே மரபைச் சேர்ந்த வேறு சில நூல்களில் பாம்பே நல்லாசிரியனாக வருகிறது. கட்டுரையாளர் ஒன்றென்று கருதிய முதல் இரண்டும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஹெர்மிஸ் என்ற பழங்கால ஞானியின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களில் முதலாவதான பொய்மாண்ட்ரெஸ், இதையே குற்றம் குறை சொல்லாமல் ஒரு காதல் கதையைப் போலச் சொல்கிறது. ஆதி மனிதன் கோள்களின் மண்டலங்களைத் திறந்து கீழே குனிந்து பார்க்கிறான்; நீரில் தெரிந்த தன் வடிவத்தின் மேல் மோகம் கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறான். இயற்கை அவனைத் தழுவிக்கொள்கிறது. மனிதன் ஒரு பக்கம் சாவுக்கு உட்பட்டவனாகவும் மறுபக்கம் சாவில்லாதவனாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்கிறது அந்நூல். ஃபிளாரன்ஸ் நகரில் மார்சிலியோ ஃபிசினோ 1463-இல் இந்நூல்களை லத்தீனில் மொழிபெயர்த்தபோது, அவை மோசேயின் காலத்து எகிப்திய ஞானம் என்று ஐரோப்பா நம்பியது. கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட காலத்தில் எழுதப்பட்டவை என்பதை 1614-இல் ஐசக் கசபோன் அவற்றின் மொழிநடையைக் கொண்டே நிறுவினார். ஆனால் அதற்குள் அக்கதை ஐரோப்பிய மறைஞானத்தின் எலும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது.

பின்வந்தவர்களை விரைவாகவே கடந்துவிடலாம். கலிலேயாவின் சஃபேத் நகரில் வாழ்ந்த யூத ஞானி ஐசக் லூரியா (1534–1572), தெய்வ ஒளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்து பொறிகள் சிதறின என்றார். சிதறியதைச் சேர்ப்பது மனிதனின் கடமை. கெர்லிட்ஸ் நகரச் செருப்புத் தொழிலாளியான யாக்கோப் பேமெ (1575–1624), ஆணும் பெண்ணும் ஒன்றாயிருந்த ஆதாம் கனியைத் தொடும் முன்பே, உறங்கிய கணத்திலேயே, வானுலக ஞானத்தை இழந்துவிட்டான் என்று எழுதினார். 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் மார்ட்டினெஸ் தெ பாஸ்குவாலி இன்னும் துணிந்து, முன்பே கிளர்ச்சி செய்த ஆவிகளுக்குச் சிறையாக இந்தச் சடவுலகம் படைக்கப்பட்டது, அச்சிறைக்குக் காவலனாக அனுப்பப்பட்டவனே ஆதாம், காவலனும் கைதியாகிவிட்டான் என்றார். விவரங்கள் எவ்வளவு வேறுபட்டாலும் இவற்றின் அச்சு ஒன்றே: முதலில் ஒளியும் நிறைவும், பிறகு ஒரு சரிவு, முடிவில் தாயகம் திரும்புதல். ஆகவே விடுதலை என்பது மறந்ததை நினைவுகூர்வது, இழந்ததை மீட்பது.

இனி நம் சித்தாந்தத்தைப் பார்ப்போம். அங்கே இழந்தது என்று எதுவுமில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (ஆணவம் முதலிய தளை) மூன்றும் தொடக்கம் இல்லாதவை. நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் எப்படி இடையில் வந்து ஒட்டியவை இல்லையோ, அப்படியே உயிருக்கு ஆணவம் என்பது மெய்கண்டார் காலந்தொட்டு வழங்கிவரும் விளக்கம். உயிரின் முதல் நிலைக்கு நம் நூல்கள் இட்ட பெயர் கேவலம்: அறிவும் இச்சையும் செயலும் அடங்கி, ஆணவ இருளில் உயிர் தன்னையும் அறியாது, தன்னை மறைத்திருக்கும் இருளையும் அறியாது கிடக்கும் நிலை. மேலைநாட்டுக் கதை ஒளியில் தொடங்குகிறது, நம்முடையது இருளில் தொடங்குகிறது. தொடக்கமே எதிரெதிராக இருக்கும்போது இரண்டையும் ஒரே கதை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் முன்னோர் இந்த நிலைப்பாட்டைக் காரணம் இல்லாமல் எடுக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் தில்லையை அடுத்த கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஒரு கேள்வி கேட்கிறார். மலத்துக்குத் தொடக்கம் உண்டு என்றால், தூய்மையாக இருந்த உயிரை அது வந்து பற்றியதற்குக் காரணம் என்ன? காரணம் இல்லாமலே ஒருமுறை பற்றியது என்றால், முத்தி பெற்ற பிறகும் அது மீண்டும் வந்து பற்றாது என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்விக்கு வீழ்ச்சிக் கதை சொல்வோரிடம் எளிதான விடை கிடையாது.

வியப்பு என்னவென்றால், இதே கேள்வியை மேலைநாட்டிலும் கேட்டிருக்கிறார்கள். உரோமில் கற்பித்த தத்துவ அறிஞர் புளோட்டினஸ் (205–270), தம் வகுப்புக்கு வந்துபோன ஞானவாதிகளை மறுத்து எழுதிய பகுதியில், ஆன்மா சறுக்கியதால்தான் உலகைப் படைத்தது என்றால் சறுக்கியதன் காரணத்தைச் சொல்லுங்கள் என்கிறார். எப்போதுமே சறுக்கி இருந்தது என்றால் சறுக்கிய நிலையே அதன் இயல்பாகிவிடும். இடையில் சறுக்கியது என்றால் அதற்கு முன்பு ஏன் சறுக்கவில்லை? இத்தனைக்கும் ஆன்மா உடலுக்குள் இறங்குகிறது என்பதை அவரும் ஏற்றவர்தான்; ஆயினும் அதன் ஒரு பகுதி இறங்காமல் மேலேயே நிற்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். இறைவன்மேல் கொண்ட அன்பு குளிர்ந்ததால் தூய அறிவுகள் ஆன்மாக்களாக இறங்கின என்று கற்பித்த அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜெனுக்கும் இதே இடர் வந்தது. மீண்டும் வீழலாம் என்ற அச்சம் இருக்கும்வரை அது பேரின்பமாகாது என்று ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீன் அவரைக் கண்டித்தார். ஹிப்போ நகரத்து ஆயர் ஒருவரும் கொற்றவன்குடிச் சிவாசாரியார் ஒருவரும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஏறத்தாழ ஒரே வாதத்தை வைக்கிறார்கள். ஒற்றுமையைத் தேடிய கட்டுரையாளர், உண்மையான இந்த ஒற்றுமையைக் காணாமல் விட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

நம் தரப்புக்கும் இடர் இல்லாமலில்லை. இறைவன் படைக்காத, அவனோடு ஒப்ப என்றும் உள்ள ஒரு மலத்தைக் கிறிஸ்தவரோ முஸ்லிமோ எளிதில் ஏற்கமாட்டார். அது இறைவனின் முழுமுதன்மையைக் குறைக்கிறது என்பார். அந்த மறுப்பு நேர்மையானது. வீழ்ச்சிக்குக் காரணம் சொல்ல முடியாத சங்கடத்தை அவர்கள் சுமக்கிறார்கள், மலத்தை இறைவனுக்கு வெளியே வைக்கும் சங்கடத்தை நாம் சுமக்கிறோம்.

தொடக்கம் மாறினால் வாழ்க்கையை நோக்கும் பார்வையும் மாறிவிடுகிறது. ஞானவாதிக்கு உடல் சிறை, உலகம் அறியாமை மிக்க ஒருவனின் கைவேலை. சித்தாந்திக்குத் தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) நான்கும் இருளில் கிடந்த உயிருக்கு இறைவன் இரங்கித் தந்த துணைகள். ‘விடிவாம் அளவும் விளக்கனைய மாயை’ என்பது திருவருட்பயன்; இந்நான்குக்கும் மூலமான மாயை, விடியும்வரை உதவும் விளக்கைப் போன்றது என்பது பொருள். பிறவி துன்பம் உடையது என்று நம் அருளாளர்கள் கரைந்து பாடியிருக்கிறார்கள் என்பது உண்மையே. எனினும் உடலெடுப்பது கேவலத்தில் கிடந்த உயிருக்கு ஒரு படி ஏற்றம். அதே நிகழ்ச்சியை ஒரு மரபு இறக்கம் என்றும் மற்றொரு மரபு ஏற்றம் என்றும் கொள்ளும்போது, அவற்றை ஒன்றாக்கும் முயற்சியில் இரண்டுமே சிதைந்துபோகும். இவ்வுலகம் ஆன்மாக்களைத் திருத்தும் கல்விக்கூடம் என்று கருதிய ஒரிஜென் மட்டுமே மேலைநாட்டார் நடுவில் நமக்கு ஓரளவு அருகே வருகிறார்.

அப்படியிருந்தும் இந்தக் குழப்பம் தமிழர் நடுவில் ஏன் இவ்வளவு இயல்பாகப் பரவியிருக்கிறது? ஒரு காரணம் நம் வாசலிலேயே இருந்தது என்று நினைக்கிறேன். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பிரம்மஞான சபை 1882-இல் தன் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றில் அமைத்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட பெருநூலில், உடலற்ற ஒளி வடிவினராய்த் தொடங்கிய மனித இனம் படிப்படியாகச் சடப்பொருளில் இறங்கியது என்றும், மூன்றாம் மூல இனத்தின் காலத்தில் லெமூரியாவில்தான் ஆண், பெண் என்ற பிரிவு ஏற்பட்டது என்றும் எழுதினார். லெமூரியா என்பது, லெமூர் என்னும் விலங்கின் உறவினங்கள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் முன்வைத்த ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்பது நிறுவப்பட்ட பின் அறிவியல் அதைக் கைவிட்டது. நம்மவர்களோ அந்த நிலப்பரப்பைக் குமரிக்கண்டத்தோடு இணைத்துக்கொண்டார்கள். இறையனார் களவியலுரை சொல்லும் கடல்கோளில் நிலம் அழிந்தது, நூல்கள் அழிந்தன. ஆன்மா எங்கும் வீழவில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் நிறைவாக இருந்தோம், பிறகு இழந்தோம் என்ற ஏக்கம் நம் மேடைப் பேச்சுகளில் இன்றும் ஒலிப்பதைக் கேட்கும்போது, சித்தாந்தத்தைவிட வீழ்ச்சிக் கதையே நமக்கு அதிகம் பிடித்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். எல்லாச் சமயங்களும் ஒன்றையே சொல்கின்றன என்பது இங்கே நல்ல அண்டைவீட்டாரின் பேச்சாக மதிக்கப்படுகிறது. ஆனால் 1949-இல் பல சமயத்தாரும் சேர்ந்து இங்கு அமைத்த சமயங்களுக்கிடையிலான அமைப்பின் பிரதிநிதிகள் ஒரே மேடையில் நிற்கும்போது, ஒவ்வொருவரும் தத்தம் மரபின் வேண்டுதலையே சொல்கிறார்கள். அவர்களுக்குள் நட்பு நிலவ, பொது வேண்டுதல் ஒன்றை யாரும் எழுதித் தரவேண்டியிருக்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி மறுபிறவி பற்றியது என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். விவிலியத்தில் இருந்த மறுபிறவிக் கொள்கையைத் திருச்சபை 553-இல் நீக்கிவிட்டது என்ற செய்தி மறைஞான ஆர்வலர்களிடையே அடிக்கடி சொல்லப்படுகிறது. அவ்வாண்டு கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பேரவையையொட்டிக் கண்டிக்கப்பட்டவை, உடலுக்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்பது உள்ளிட்ட, ஒரிஜெனின் பெயரோடு தொடர்புடைய கருத்துகளே. விவிலியத்திலிருந்து எந்தப் பகுதியும் அப்போது நீக்கப்படவில்லை. அச்செய்தி அச்சில் ஏறும் முன் கட்டுரையாளர் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர் ஒருவர்