இரண்டாம் தவணை நிறைவும் கேற்றடிப் பார்சல்களும்

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்துவிட்டது. பரீட்சைப் புள்ளிகள் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கும். தமிழ்த்தினப் போட்டியிலும் ஆங்கிலதினப் போட்டியிலும் பிள்ளைகள் வழமைபோல் பங்குபற்றிப் பாடசாலைக்குப் பெருமை தேடித் தந்தார்கள். மெய்வல்லுநர் அணியும் சளைக்கவில்லை. சிரமதானத்தில் பின்வளவுப் பற்றைகளை வெட்டித் தந்த பெற்றோருக்கு நன்றி. மண்வெட்டி ஒன்று இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மலசலகூடத் திருத்தவேலையும் தொடங்கியாயிற்று. எல்லாருக்கும் பாராட்டுகள்.

சரி, இந்தக் கடிதத்தை எழுதவைத்த விடயத்துக்கு வருகிறேன்.

சில கிழமைகளாக இடைவேளை மணி அடிக்க முதலே கேற்றடியில் நாலைந்து ஸ்கூட்டிகள் வந்து நிற்கின்றன. மணி அடித்ததும் கம்பி இடைவெளியால் பார்சல்கள் உள்ளே வருகின்றன. றோல்ஸ், மிதிவெடி என்று நாங்கள் சொல்லும் பொரித்த பலகாரம், கொத்துரொட்டி, கூடவே வேர்த்து வடியும் சோடாப் போத்தல். மறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியை அம்மா கொண்டுவந்து கொடுப்பது வேறு, அதை நான் குறை சொல்லவில்லை. இது மறந்த பெட்டி இல்லை. காலையிலேயே பேசி முடிவான பார்சல்.

இதில் அதிபருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் காசு, என் பிள்ளை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்துப் பேசாமல் இருந்தேன். ஒருநாள் இடைவேளையில் தரம் 4 வகுப்பறையைக் கடந்து போனபோது கண்டதைச் சொல்கிறேன். ஒரு மகன் பெட்டியைத் திறந்தான். குரக்கன் புட்டும் முருங்கையிலை வறையும். அடுத்து இருந்தவனின் கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை. "இதென்னடா, ஆட்டுக்குக் கட்டின குழையோ?" என்று ஒருவன் கேட்டான். வாங்கு முழுக்கச் சிரிப்பு. அந்தப் பிள்ளை சண்டைக்கும் போகவில்லை, அழவும் இல்லை. மூடியைத் திரும்பப் போட்டு, நாலு பக்கமும் 'டக் டக்' என்று பூட்டிப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அடுத்த கிழமை அவனுடைய பையில் பெட்டியே இல்லை. சட்டைப் பையில் காசு இருந்தது.

அந்தத் தாய் வீட்டில் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. விடியற்காலையில் எழும்பி, மா குழைத்து, முருங்கையிலை உருவி அவித்தவர் அவர். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து அந்த உழைப்பை ஒரு சிரிப்பில் தோற்கடித்துவிட்டோம். 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் கன்ரீன் கண்ணாடிப் பெட்டியிலும் அன்றைக்கு றோல்ஸ்தான் அடுக்கியிருந்தது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்ற கல்வி அமைச்சின் சுற்றறிக்கை என் காரியாலய அலுமாரியில் கோப்புக்குள் பத்திரமாக இருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை இந்தத் தவணை நடந்தது. உயரமும் நிறையும் அளந்து, உடற்திணிவுச் சுட்டியை வயதோடு ஒப்பிட்டு, சிலருக்கு வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். நிறை போதாது என்று சிலருக்கு, நிறை கூட என்று சிலருக்கு. ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த இரண்டு விதக் கடிதமும் போனது. நிறை போதாத வீடுகளிலிருந்து யாரும் கோபப்பட்டு வரவில்லை. மற்ற வீடுகளிலிருந்து வந்தார்கள். பிள்ளைக்குக் கண்ணூறு பட்டுவிடும் என்றார்கள், வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள், எங்கள் வம்சமே உடம்புக்காரர் என்றார்கள். ஒரு தகப்பன் மட்டும் சத்தம் போடாமல் கேட்டார்: "சேர், பிள்ளைக்கு வயிறாரச் சாப்பாடு போடுறது குற்றமோ?"

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் படித்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் பாடம். சீனி இல்லாத நாளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்து கைதடிப் பக்கம் நடந்தபோது யாரோ நீட்டிய அரைப் பாணின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. அப்படி வளர்ந்தவன் தன் பிள்ளை 'பசிக்குது' என்று சொல்ல முதலே தட்டை நிரப்புவான். அதைக் குற்றம் என்று நான் எப்படிச் சொல்ல? ஆனால் எங்கள் பசிக்கு எங்கள் பிள்ளைகள் சாப்பிட முடியாது. அந்தப் பிள்ளையின் வயிறு 'போதும்' என்று சொல்வதை நாங்கள் கேட்கவிடாமல் செய்கிறோம். அம்மம்மா தட்டோடு முற்றம் முழுக்கத் துரத்தி "இன்னும் ஒரு வாய், இதோட முடிஞ்சுது" என்று ஊட்டுவதும், போனில் படம் ஓடவிட்டு வாயைத் திறக்கவைப்பதும் அதைத்தான் செய்கின்றன. தன் பசியின் அளவு தெரியாத பிள்ளைக்குப் பிறகு யார் எதை நீட்டினாலும் வாய் திறக்கும்.

வம்சம் என்று சொல்பவர்களையும் நான் தள்ளவில்லை. உடல்வாகு பரம்பரையாய் வருவது உண்மைதான். ஆனால் அந்த வம்சத்தின் அப்பப்பா சைக்கிளில் தோட்டத்துக்குப் போய், துலா மிதித்து, பட்டையால் தண்ணீர் இறைத்தவர். பேரனை வீட்டு வாசலில் ஸ்கூட்டியில் ஏற்றி வகுப்பு வாசலில் இறக்குகிறோம். இரண்டு மணிக்கு வீடு, மூன்று மணிக்கு ரியூசன், ஆறரைக்கு இருட்டு. இரண்டு ரியூசனுக்கும் இடையில் கிடைக்கிற இருபது நிமிடத்தில் அவன் போகக்கூடிய ஒரே இடம் அந்தச் சந்திக் கடை. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தரம் 5 பிள்ளை ஒன்றுக்கு அந்த 60 நிமிடத்தை நேரசூசியில் எங்கே போடலாம் என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை. உடற்கல்விப் பாடத்தைப் பரீட்சை நெருங்கும்போது கணிதத்துக்கு எடுத்துவிடுவது நாங்கள் செய்யும் பாவம், அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்றொரு ஊர். அங்கே இதயநோய் ஆய்வில் தலைமுறையாகப் பதிந்து வைத்த விவரங்களை நிக்கொலஸ் கிறிஸ்ராகிஸ், ஜேம்ஸ் பவுலர் என்ற இருவர் எடுத்து, 12,067 பெரியவர்களின் 32 ஆண்டு வாழ்க்கையைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்டார்கள். ஒருவர் பருத்தால் அவருடைய நண்பரும் பருக்கும் வாய்ப்பு 57 சதவீதம் கூடியது. சகோதரர்களிடையே 40, கணவன் மனைவிக்கிடையே 37. அடுத்த வீட்டில் இருப்பவர் என்பதால் மட்டும் எதுவும் கூடவில்லை. பழக்கம் வேண்டும், மனநெருக்கம் வேண்டும். அவர்கள் கணக்குப் போட்ட முறையைப் பின்னர் சிலர் கேள்வி கேட்டார்கள், அது வேறு கதை. எனக்கென்றால் அந்தத் தரம் 4 வாங்கைப் பார்த்த பிறகு பிரேமிங்காம் தூரத்து ஊராகத் தெரியவில்லை.

இதை வேறு யாரோ சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்றும் இல்லை. நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் எத்தனை வீடுகளில் மச்சம் இல்லை! மீன் இல்லாமல் ஒரு பிடி இறங்காத பிள்ளை கத்தரிக்காயும் பருப்பும் போட்டுச் சாப்பிடுகிறது. யாராவது அதைக் கூப்பிட்டு வைத்து "நீ மட்டும் மீன் சாப்பிடாதே" என்று சொன்னோமா? அப்பா சாப்பிடவில்லை, மாமி சாப்பிடவில்லை, ஒழுங்கை முழுக்க மீன் மணமே இல்லை, அவ்வளவுதான். தவக்காலத்தில் கத்தோலிக்க வீடுகளிலும் இதே கதைதான். அதே பிள்ளையிடம், அப்பா சோடா குடித்துக்கொண்டிருக்கும் மேசையில், "உனக்கு வேண்டாம், டொக்டர் சொன்னவர்" என்று சொல்லிப் பாருங்கள். அழும். களவாய் எடுக்கும். அழத்தான் வேண்டும், அது நியாயமான அழுகை.

ஆகவே நிறை கூடிய பிள்ளையைத் தனியே பிரித்துப் பட்டினி போடவோ, தனித்தட்டில் சமைக்கவோ வேண்டாம். வளரும் வயது, வைத்தியர் சொல்லாமல் எதையும் வெட்டாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, பாடசாலையில் எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு. இதை மென்மையாகப் பெற்றோர் கூட்டத்தில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். வந்தவர்கள் தலையாட்டினார்கள், அடுத்தநாளும் ஸ்கூட்டிகள் வந்தன. எனவே இம்முறை கொஞ்சம் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது.

மூன்றாம் தவணை முதல் நாளிலிருந்து இடைவேளையில் கேற்றடியில் எதுவும் வாங்கப்படாது. கொண்டுவருபவர் யாராக இருந்தாலும், பழைய மாணவர் சங்கத்தில் எந்தப் பதவியில் இருந்தாலும், பார்சல் வந்த வழியே திரும்பிப் போகும். காவலாளியோடு வாக்குவாதப்பட வேண்டாம், அவர் நான் சொன்னதைச் செய்கிறார். மறந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பெயர் எழுதிக் காரியாலயத்தில் கொடுக்கலாம். பிறந்தநாள் என்று வகுப்புக்குக் கேக்கும் சோடாவும் ரொபிப் பையும் அனுப்புவது இத்தோடு முடிகிறது. போன தவணை ஒரு வகுப்பில் அது போட்டியாகவே மாறி, கேக் கொண்டுவர வசதியில்லாத பிள்ளை ஒன்று தன் பிறந்தநாளன்று வரவே இல்லை. கொடுக்க ஆசையென்றால் வகுப்புக்கு ஒரு கதைப்புத்தகமோ ஒரு பந்தோ கொடுங்கள். பிள்ளையின் உடம்பைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பதை இனி ஒழுக்கக் குற்றமாகவே எடுப்போம். அது மாணவருக்கு மட்டுமில்லை. "வாடா குண்டா" என்று செல்லமாகக் கூப்பிடும் ஆசிரியர்களோடும் பேசிவிட்டேன். வீட்டில் கூப்பிடுபவர்களோடு நீங்கள் பேசுங்கள்.

கன்ரீனில் அடுத்த தவணையிலிருந்து அவித்த கடலை, பயறு, சோளம், இலைக்கஞ்சி, வாழைப்பழம். நடத்துபவருக்கு நட்டம் வரும் என்று பயப்படுகிறார். முதல் மாதம் வரலாம். அதனால்தான் கேற்றடிப் பார்சலை அனுமதிக்க முடியாது. ஒரு பக்கம் கடலையை வைத்துவிட்டு மறுபக்கம் கம்பியால் மிதிவெடி வந்தால் அந்த மனிசன் கடையைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். சோடாவுக்கு முற்றாக இடமில்லை. 2016 ஓகஸ்ட் முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு நிற அடையாளம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. 400 மில்லிலீற்றர் சிவப்புப் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல், அதாவது 11 தேக்கரண்டிக்குக் குறையாது. நாளொன்றுக்கு வளர்ந்தவருக்கே 25 கிராம் அளவோடு நிறுத்திக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கடையில் போத்தலைக் கையில் எடுக்கும்போது அந்த நிறத்தைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். தரம் 3 பிள்ளைக்கு நல்ல கணக்கும் ஆயிற்று.

கடுமையாய் எழுதிவிட்டேனோ என்று திரும்ப வாசித்துப் பார்த்தேன். கொஞ்சம் கடுமைதான். இந்தக் காரியாலயத்தில் என்னைப் பார்க்க வந்த உங்கள் எல்லாருக்கும் மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேநீரும் கிறீம் பிஸ்கற்றும் தந்தவன் நான்தான். நீரிழிவு மாத்திரையை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டு அதையே நானும் சாப்பிட்டேன். இனி வருபவர்களுக்கு வெறும் தேநீரும் ஒரு துண்டுப் பனங்கட்டியும். அதுவும் இனிப்புத்தான், துண்டு சின்னதாக இருக்கும், குறை நினைக்க வேண்டாம்.

லீவில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் சொந்தங்கள் வருவார்கள், சூட்கேசில் பாதி சொக்கிலேற்றாக இருக்கும். அவர்களின் அன்பைத் தடுக்கச் சொல்லவில்லை. பெட்டியை மொத்தமாகப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் வீட்டுக்கும் அயலுக்கும் பங்கிடுங்கள். கோயிலுக்குப் போய்விட்டு ஐஸ்கிறீம் குடிக்காமல் வா என்று சொல்லும் அளவுக்கு நானும் யாழ்ப்பாணத்தானில்லாமல் போகவில்லை. ஒருநாள் குடிக்கட்டும். 25 நாளும் வேண்டாம். முடிந்தால் நடந்தோ சைக்கிளிலோ போய் வாருங்கள். பிள்ளையைத் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ கூட்டிக்கொண்டு போய் வல்லாரை எது, முசுட்டை எது என்று காட்டுங்கள். முதல்நாள் துப்பினால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். புது ருசி பழகப் பிள்ளைக்குப் பத்துத் தரமாவது வாயில் படவேண்டும். நாலாவது முறையிலேயே நாங்கள்தான் களைத்துவிடுகிறோம்.

காலை உணவுத் திட்டத்துக்கு முறைவைத்துச் சமைக்க வந்த அம்மாமாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வெயிலில் வந்து, பெரிய கிடாரத்தைத் தூக்கி, தங்கள் பிள்ளையோடு மற்றவர் பிள்ளைக்கும் கீரையைப் பிசைந்து கொடுத்தீர்கள். கோபத்தோடு வந்து பேசிய பெற்றோருக்கும் நன்றி. நீங்கள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வழமையான இரண்டு பந்தியோடு முடிந்திருக்கும்.

அந்தக் குரக்கன் புட்டுப் பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தவணையும் கட்டிக் கொடுங்கள். அவனுடைய வகுப்பு ரீச்சரும் புட்டுத்தான் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், அதே வாங்கில் இருந்து சாப்பிடுவாராம்.

இப்படிக்கு,
அதிபர்

பி.கு: காரியாலயத்தில் உரியவர் தெரியாத சாப்பாட்டுப் பெட்டிகள் ஏழு இருக்கின்றன. ஒன்றுக்கு மூடி இல்லை. நீலநிறத் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்று. லீவு முடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளவும். மண்வெட்டிக்காரரும் வரலாம்.