அக்னி நட்சத்திரமும் ஆடுபுலி ஆட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையைக் குழந்தைகளுடன் எங்கே கழிக்கலாம் என்று சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று மலைகளையெல்லாம் விரிவாக எழுதிய கட்டுரையாளர், எங்கும் போக முடியாதவர்களுக்கு ஒற்றை வரியைத்தான் ஒதுக்கியிருக்கிறார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சீசன் நேரத்து அறை வாடகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, வீட்டிலேயே இருப்பவர்கள் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலூர்க்காரி. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சுவாமியில்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். கோடைக்காலத்துப் பாலாறும் மலையும்தான் அப்படியே இருக்கின்றன. ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை நீடிக்கும் கத்திரியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. அந்த நாட்களில்தான் சென்னையிலிருந்து என் பேத்தியும் பேரனும் வருகிறார்கள். முதலிரண்டு ஆண்டுகள் ஏசி அறையும் கைபேசியுமாகவே கழிந்தன. பிறகுதான், பள்ளி நாளுக்குரிய நேர ஒழுங்கை மே மாதத்திலும் பிடித்துக்கொண்டு வெயிலோடு மல்லுக்கு நிற்பதே எங்கள் தவறு என்பது எனக்குப் புரிந்தது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பொழுது ஐந்தரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. முதல் நாள் ஊறவைத்து அரைத்த அரிசி மாவை உப்பும் பச்சை மிளகாய் விழுதும் சீரகமும் பெருங்காயமும் சேர்த்துக் கூழாகக் கிளறி இறக்கி, வெயில் ஏறுவதற்குள் மாடியில் பழைய வேட்டியை விரித்து, வீட்டில் உள்ள அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கரண்டியால் வட்டம் வட்டமாக வடாம் ஊற்றுகிறோம். பேரன் ஊற்றுவது ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை. இலங்கை வரைபடம் போல் ஒன்று வந்தது, அதைப் பொரிக்கவே கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறான். மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்புறம் தண்ணீர் தெளித்து, வடாத்தை உடையாமல் உரித்தெடுப்பது பேத்தியின் பொறுப்பு. பாதி காய்ந்த வடாத்தைக் காக்கையைவிட அதிகம் தின்பது யார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. வெளிக்காற்று அனலாகும் முன்பே ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, இரவில் திறந்து வைக்கிறோம். ஜன்னலில் ஈரத் துணி தொங்கவிடுவது எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாகவே எடுபடுகிறது. சென்னையின் புழுக்கத்தில் அது அவ்வளவாக உதவாது. மண்பானைத் தண்ணீரும் அப்படித்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது; காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாவது மந்தப்படுகிறது. 'எங்கள் வீட்டுப் பானை ஏன் இவ்வளவு ஜில்லென்று இல்லை?' என்று பேரன் கேட்டபோது இதைச் சொன்னேன்.

நண்பகலுக்கு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. கட்டத்தைச் சாக்பீஸால் தரையில் வரைந்து, புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் வைத்தால் செலவு முடிந்தது. அவசரக்காரர்கள் புலியைக் கேட்பார்கள். பொறுமையுள்ளவர்கள் ஆடுகளைக் கொண்டே புலியை நகரவிடாமல் அடைத்துவிடுவார்கள். பேத்தி பல்லாங்குழியில் தேறிவிட்டாள். குழியில் நான்கு சேர்ந்ததும் 'பசு' என்று கூவி அள்ளுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இடையிடையே நீர்மோர், பானகம். நுங்கு வந்த நாளில் கட்டைவிரலால் குத்தி உறிஞ்சக் கற்றுக்கொடுத்துவிட்டு, நுங்கெடுத்த காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி செய்து தருகிறேன். கடையில் வாங்கிய எந்த பொம்மையும் இவ்வளவு நேரம் ஓடியதில்லை.

இரவுப் படுக்கை மொட்டை மாடியில். தளத்தின் சூடு தணிய வாளி வாளியாக நல்ல தண்ணீரைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. துணி அலசிய நீரை மாற்றி வைத்திருந்து, பொழுது சாய்ந்தபின் தெளித்தாலே போதும். கைக்குழந்தைகளும் நோயாளிகளும் உள்ள வீடுகளில் மின்விசிறியும் ஏசியும் அவசியம்தான் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கு இந்த ஏற்பாடுகள் பொருந்தா.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாத இதழ் ஒன்றின் நடுப்பக்கத்தில் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஆடும் முறையையும் கீழே தர வேண்டும். என் சாக்பீஸ் கோடுகள் தினமும் வீடு துடைக்கும்போது அழிந்துவிடுகின்றன.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.