டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு

நோவை, மிச்சிகன்
நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? போனில் கூப்பிட்டபோது உங்கள் டயர் கடையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, பாதிப் பேச்சு காதில் விழவில்லை. "புது வீல் மாட்டினதும் ஏதோ லைட் எரியுதாமே, காத்து இறங்குதா?" என்று நீங்கள் கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அதைப் போனில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வண்டி. ஃபோர்டு மஸ்டாங், 2017 மாடல், இரண்டாவது கையாக வாங்கியது. இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் பிளாட் ராக் என்று ஓர் ஊர், அங்கேதான் இதைச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கார் என்றால் உயிர். வருஷா வருஷம் ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ என்ற சாலையில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். 1995-இலிருந்து நடக்கிறது. நம் ஊரில் தேர் பார்க்க உட்காருவதுபோல் நாற்காலி போட்டு, குழந்தை குட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அங்கே ஒரு நாள் நின்றால் போதும், யாருக்கும் வீல் மாற்ற ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது.

கம்பெனி வீல் 18 அங்குலம். நான் வாங்கியது 19 அங்குல அலாய். ஐந்து போல்ட், 114.3 மில்லிமீட்டர் வட்டம். நடு ஓட்டை மட்டும் வண்டியில் வீல் உட்காரும் 70.5 மில்லிமீட்டர் ஹப்பை விடப் பெரியது, அதனால் நடுவே ஒரு வளையம் போட்டு உட்கார வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் உதறும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டயரைப் பூட்டி, பேலன்ஸ் பார்த்து, நாலையும் அட்டை சுற்றி வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். இங்கே மெக்கானிக் கூலி மணிக் கணக்கில் கொள்ளை, அதனால் ஜாக்கி போட்டு நானே மாட்டினேன்.

மாட்டிவிட்டு ஹைவேயில் ஒரு சுற்றுப் போனேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. டயரைக் குறுக்கே வெட்டின மாதிரி ஒரு படம், நடுவே ஆச்சரியக்குறி. ஒரு நிமிடத்துக்கு மேல் மின்னிவிட்டு, அப்புறம் அசையாமல் எரிந்தது. வழியில் ஒரு டயர் கடையில் காட்டினேன். பையன் மீட்டர்கூட வைத்துப் பார்க்கவில்லை, நாலு சக்கரத்துக்கும் 40 பவுண்டு காற்று அடித்து அனுப்பிவிட்டான். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 32 என்று போட்டிருக்கிறது. 40 அடித்த பிறகும் விளக்கு அதே மாதிரி மின்னியது. மின்னாமல் என்ன செய்யும்? அது காற்றுக் குறைவுக்காக மின்னவில்லையே.

விஷயம் இதுதான் மாமா. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும், வால்வின் அடியில், தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சென்சார் இருக்கிறது. காற்றழுத்தத்தை அளந்து ரேடியோவில் அனுப்பும். என் வண்டிக்கு 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் 433, அந்த ஊர் சென்சாரை இதில் போட்டால் பேசாது. ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர். கார் அந்த நாலு நம்பரைத்தான் தெரிந்து வைத்திருக்கும், டயரையோ வீலையோ அதற்குத் தெரியாது. பழைய வீல்கள் என் கராஜில் கிடக்கின்றன, அந்த நம்பர்களும் அங்கேயே. புது வீலிலும் சென்சார் இருக்கிறது, ஆனால் காருக்கு அது அந்நியன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, "என் ஆட்களைக் காணோம்" என்று மின்னுகிறது. மின்னிவிட்டு நின்று எரிந்தால் சென்சார் தகராறு. மின்னாமல் நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. விளக்கு ஒன்றுதான், சேதி இரண்டு. இங்கே பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

அப்புறம் புது சென்சார்களின் நம்பரைக் காருக்குச் சொல்லிக் கொடுத்தேன். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். ஹசார்டு விளக்கை மூன்று தரம் போட்டு அணைத்தால் ஹாரன் ஒரு தரம் அடித்து, முன் இடது டயரைக் காட்டு என்று டேஷ்போர்டில் எழுத்து வரும். கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது, அதை வால்வுப் பக்கத்தில் வைத்து அமுக்கினால் உள்ளே தூங்கும் சென்சார் விழித்து நம்பரைச் சொல்லும், ஹாரன் 'பீப்' என்று ஒப்புக்கொள்ளும். அப்படியே முன் வலது, பின் வலது, பின் இடது என்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார். ஒவ்வொரு பீப்புக்கும் கை தட்டினார்.

இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய சென்சார் நாலையும் ஒரு பிவிசி குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி, ஒரு வால்வு வைத்து 35 பவுண்டு காற்று ஏற்றி, டிக்கியில் போட்டுவிடுகிறார்கள். நாலு டயரும் ஜோராக இருப்பதாகக் கார் நம்பிக்கொண்டு போகும். வெளியே டயர் தட்டையாக உருண்டாலும் விளக்கு எரியாது. பிவிசி குழாயில் தண்ணீர் ஏற்றலாம், காற்றை அடைத்து வைத்தால் ஒரு நாள் வெடிக்கும் என்பது வேறு. புத்திசாலித்தனம்தான், ஆனால் எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

ஏன் என்றால் இந்த விளக்கு சும்மா வந்ததில்லை. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி குப்புற உருண்டு, 271 பேர் செத்தார்கள். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த வண்டிக்கு 26 பவுண்டு போதும் என்று ஃபோர்டு எழுதியிருந்தது. டயர் தப்பா, காற்று தப்பா என்று இரண்டு கம்பெனிகளும் மாறி மாறிக் கைகாட்டின. அந்த வருஷமே சட்டம் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பிறகு செய்த எல்லாக் கார்களிலும், ஸ்டிக்கர் அளவில் கால்வாசி குறைந்தாலே விளக்கு எரிய வேண்டும். என் வண்டிக்கு அது 24 பவுண்டு. வேலை செய்கிற இந்தக் கருவியைக் கடைக்காரன் தெரிந்தே செயலிழக்கச் செய்வதும் சட்டப்படி குற்றம். கார்க்காரன் தானே செய்துகொண்டால் கேட்க ஆளில்லை.

24 என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அது தாமதம்தான். உங்கள் கடைக்கு வரும் லாரி கிளீனர்கள் லிவரால் பின்சக்கரத்தைத் தட்டி, 'டங்' என்றால் சரி, 'தொப்' என்றால் காற்றில்லை என்று சொல்லிவிடுவார்களே, அவர்கள் காது இதைவிட முந்தும்.

போன வாரம் ஒரு காலையில் மறுபடி எரிந்தது. இந்த முறை மின்னவில்லை, நேராக எரிந்தது. ராத்திரி மைனஸ் 6 டிகிரி. மீட்டர் வைத்தால் முன் இடது 23, மற்றவை 24, 25. பஞ்சர் எதுவும் இல்லை. 10 டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை, இரண்டு பவுண்டு இறங்கும். அந்த 40-ஐ இறக்கி ஆகஸ்ட் வெயிலில் 32 வைத்தது, அதோடு மாதம் ஒரு பவுண்டு தானாகக் கசியும், கணக்குச் சரியாக வருகிறது. இதில் வேடிக்கை, பத்து மைல் ஓட்டினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறி விளக்கு அணைந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கப் பல இடங்களில் காசு வேறு, கார்டு தேய்த்தால்தான் மெஷின் ஓடும். ஸ்டெப்னியும் கிடையாது, ஒரு சின்னப் பம்பும் ஓட்டை அடைக்கும் திரவமும்தான் டிக்கியில்.

இனி இந்த 19 அங்குலத்தைக் கழற்ற வேண்டும். கோடை டயர், 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிவிடும். பழைய 18-இல் பனி டயர் போட்டு வைத்திருக்கிறேன். அதில் கம்பெனி சென்சார் இருக்கிறது, ஹாரன் சுற்று இன்னொரு தரம். ஆனால் சென்சார் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, பசை ஊற்றி மூடியிருப்பார்கள், ஏழெட்டு பத்து வருஷம்தான் ஆயுள். அந்தக் காலம் வந்துவிட்டது. பனி உருக ரோட்டில் கொட்டும் உப்பு வேறு. அலுமினிய வால்வுக்குள் காற்றை அடைக்கும் சின்னப் பின் பித்தளையாக இருந்தால் அரித்து ஒட்டிக்கொண்டு, திருகும்போது வால்வே முறியும். நிக்கல் பூசிய பின்தான் போட வேண்டும், மேல்மூடி பிளாஸ்டிக் போதும்.

குமார் தன் காருக்குப் பெரிய அலாய் போட்டு, ஆன்லைனில் மூடி மாதிரி வெளியே திருகும் சென்சார் வாங்கியிருக்கிறான் என்று முன்னமே சொல்லியிருந்தீர்கள். அது வால்வுப் பின்னை எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கும், அதன் வாஷர் கசிந்தால் டயரே காலி. ரப்பர் வால்வில் அந்தக் கனத்தை மாட்டினால் வேகத்தில் வால்வு ஆடி அடியில் வெடிப்பு விடும். உலோக வால்வு போட்டுக் கொடுங்கள், போட்ட பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அவன் காரிலேயே விளக்கு இருந்தால், அது சக்கர வேகத்தை வைத்துக் கணக்குப் போடும் வகையாகவும் இருக்கலாம். அந்த வகையில் சக்கரத்துக்குள் சென்சார் எதுவும் இருக்காது, காற்றைச் சரியாக வைத்துவிட்டு ரீசெட் கொடுத்தால் போதும். என்ன மாடல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், ரீசெட் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். பழைய ஸ்டெப்னியை விற்றுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

தை பிறந்ததும் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. கடைக்கு ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், லாரி டயருக்கும் அளக்கும். அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்