நூலகத்துக்கு எதிரே மனமகிழ் மன்றம் வேண்டாம்: ஆட்சியருக்கும் பேரூராட்சிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், எங்கள் பேரூராட்சி மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கிளை நூலகத்துக்கு எதிரே மது விற்கும் மனமகிழ் மன்றத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். விவரமெல்லாம் உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் 3 முறை வரிசையில் நின்று மனு கொடுத்தோம். 3 ரசீதும் என்னிடம் இருக்கின்றன. பேரூராட்சி மன்றத்திலும் அந்த இடத்தில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அப்புறமும் உரிமம் வந்தது. "விதிகளுக்கு உட்பட்டே வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிப் பதிலும் வந்தது. எதிரே கிளை நூலகம் இருக்கிறது என்று 3 மனுவிலும் முதல் வரியிலேயே எழுதியிருந்தோம். அதைப் பற்றி அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அங்கே மது விற்கத் தந்திருக்கும் எப்.எல்.2 உரிமத்தை வருகிற ஆண்டுக்குப் புதுப்பிக்கப் பரிந்துரை செய்யாதீர்கள்.

போன வியாழக்கிழமை இரவு ஏழே முக்கால் இருக்கும். நூலகர் எனக்குப் போன் செய்தார். வாசகர் வட்டத்தில் நான் இருக்கிறேன், வீடும் அடுத்த தெருதான். "கொஞ்சம் வாங்கக்கா, பிள்ளைங்க வெளியே போக முடியல" என்றார். நானும் என் கணவரும் ஓடினோம். நூலக வாசலில் இரண்டு படிகள். மேல்படியில் தலையும் கீழ்ப்படியில் இடுப்புமாக ஒருவர் குறுக்கே விழுந்து கிடந்தார். வேட்டி எங்கோ விலகிக் கிடந்தது. இன்னும் இரண்டு பேர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே 4 பெண் பிள்ளைகள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி அலமாரி ஓரத்தில் நின்றாள். விளக்கை அணைத்துவிட்டால் போய்விடுவார்கள் என்று நினைத்து அணைத்தும் பார்த்தார்களாம். இருட்டில் இன்னும் பயமாக இருந்ததால் மறுபடி போட்டுவிட்டார்கள்.

கதவைப் பிடித்திருந்த இரண்டு பேரிடமும் என் கணவர் பேசி அனுப்பினார். பக்கத்துப் பூக்கடைக்காரரும் வந்து கைகொடுக்க, கிடந்தவரைத் தூக்கிச் சுவரோரம் உட்கார வைத்தோம். பிள்ளைகள் வெளியே வரும்போது மணி எட்டேகால். அதில் ஒருத்தியின் அப்பா அதற்குள் வந்துவிட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். யாரையும் அவர் திட்டவில்லை. "நாளையிலிருந்து வீட்டிலேயே படிம்மா" என்று மட்டும் சொன்னார். அவர்கள் வீடு ஒரே அறை. தாத்தா, பாட்டி, தம்பி எல்லோரும் அதற்குள்தான். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே போய், எடுத்திருந்த 2 புத்தகங்களையும் நூலகர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

இதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். நூலகத்தில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். சனிக்கிழமை காலை அதை வாங்கிப் புரட்டினேன். மன்றம் வருவதற்கு முந்தைய கார்த்திகை மாதப் பக்கங்களில், மாலை 6 மணிக்கு மேல் பெண் பெயர்கள் ஒரு நாளைக்கு 7, 8 இருக்கின்றன. ஒரு நாள் 11. தை பிறந்து பலகை மாட்டியதும் 5 ஆகிறது. பிறகு அதே 4 பெயர்கள் மட்டும் மாறி மாறி வருகின்றன. வியாழனுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆண்கள் பெயர்கூடக் குறைந்திருக்கிறது, ஆனால் இப்படி அடியோடு நிற்கவில்லை. மன்றத்தைப் பார்த்த பக்கத்து ஜன்னலைத் திறக்க முடியாமல் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போட்டித் தேர்வுப் புத்தகங்களின் அலமாரி.

அந்தப் பிள்ளைகள் எழுதப்போகும் தேர்வு கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கானது. அம்மா அப்பா கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்த வீடுகளிலிருந்து வருகிறார்கள். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் கிடையாது. நூலகம் ஒன்றுதான் அவர்களுக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி, அமைதி எல்லாம். ஆட்சியர் அவர்களே, நீங்களும் இப்படி ஏதோ ஒரு மேசையில் இரவும் பகலும் உட்கார்ந்து படித்துத்தான் தேர்வெழுதி வந்திருப்பீர்கள். மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை ஒரு மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளுக்கு உட்பட்டது என்கிறீர்கள். சரி, விதியையே எடுத்துக்கொள்வோம். மதுபானச் சில்லறை விற்பனைக்கான 2003 ஆம் ஆண்டு விதிகள், வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் இரண்டிலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக்கூடாது என்கின்றன. படிக்கிற பிள்ளைகளின் பக்கத்தில் மது விற்கக்கூடாது என்ற எண்ணம் இல்லாமல் அந்த விதி வந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் மாலை 5 மணி வரை படிக்கிற பிள்ளைதான் 6 மணிக்கு நூலகத்துக்கு வருகிறாள். பள்ளிக்கூடத்து வாசலில் அவளுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு நூலகத்து வாசலில் ஏன் கிடைக்கக்கூடாது? நூலகம் என்ற சொல் விதியில் இல்லை என்பது ஒரு பதிலா? பரிந்துரை எழுதுகிற கை உங்களுடையது. எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்து, இந்த இடம் சரிப்படாது என்று எழுத உங்களை யாரும் தடுக்கவில்லை.

எங்களுக்கு இது இரண்டாவது முறை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது. 2023 ஜூன் 22 அன்று மாநிலம் முழுக்க 500 மதுக்கடைகளை அரசு மூடியது. எங்கள் ஊர்க் கடையும் அதில் ஒன்று. அன்றைக்குப் பூ விற்கிற அம்மா எல்லோருக்கும் ஒரு முழம் பூ கொடுத்தார். நூலகத்து ஜன்னலை அகலத் திறந்து வைத்தார்கள். அப்புறம் தை மாதத்தில் அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஜிம் வரப்போகிறது என்று பேச்சு. பலகையை மாட்டும் அன்றுதான் மனமகிழ் மன்றம் என்று தெரிந்தது. ஒரு வீடு கட்டவே அக்கம்பக்கம் கேட்டுக் கேட்டுத்தான் கட்டுகிறோம். மது விற்கும் இடத்துக்கு உரிமம் கொடுக்கும்போது, அந்தத் தெருவில் இருக்கிற எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்.எல்.2 உரிமம் மன்ற உறுப்பினர்களுக்காகத் தரப்படுவது. இங்கே யார் உறுப்பினர்? பேருந்திலிருந்து இறங்கி நேராக உள்ளே போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். யாரும் அட்டை காட்டுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. மின்வேலைக்கு உள்ளே போய்வந்த எங்கள் தெருத் தம்பி ஒருவன், கேரம் பலகை மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையே இன்னும் பிரிக்கவில்லை என்றான். உறுப்பினர் பதிவேட்டைத் திடீரென்று ஒரு மாலை போய்க் கேட்டுப் பாருங்கள். இதையும் இரண்டாவது மனுவில் எழுதியிருந்தோம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1948 இல் இந்த மாகாணத்தில் இரண்டு காரியம் நடந்தது. மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. அதே ஆண்டில் பொது நூலகச் சட்டமும் வந்தது. மதுவிலக்கை 1971 இல் தளர்த்தினார்கள், பிறகு கொண்டுவந்தார்கள், மறுபடி எடுத்தார்கள். நூலகச் சட்டம் மட்டும் நிலைத்து நின்றது. இன்றைக்கும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். என் வீட்டு ரசீதிலும் அது தனியாக அச்சாகியிருக்கிறது. அந்தக் காசில் நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, அதில் பெண் பிள்ளைகள் உட்கார முடியாதபடி எதிரே இப்படி ஒன்றுக்கு உரிமம் கொடுத்தால், நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

மதுக்கடை ஒன்றை அகற்றச் சொல்லி மார்த்தாண்டம் பக்கத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உயிரையே விட்டார். 2017 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலைக் கடைகளை ஊருக்குள் நகர்த்தியபோது, எத்தனை ஊர்ப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு நடந்த பிறகும், கடை எங்கே வரலாம் என்ற கேள்வியை அங்கே வாழ்கிறவர்களிடம் கேட்கிற வழக்கம் நம் மாநிலத்தில் வரவில்லை. மகாராஷ்டிரத்தில் பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கேட்டால், மதுக்கடை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்த வழி இருக்கிறது. வாக்குச்சீட்டில் நிற்கிற பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. படுத்த பாட்டில் ஜெயித்தால் கடை மூட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அதில் தன் விருப்பத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்தால் என்ன முடிவு வரும் என்று பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முடிவை மாற்றினால் நிர்வாகத்துக்குக் கௌரவக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். 2023 இல் திருமண மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு அனுமதி தரலாம் என்று அறிவிப்பு வந்தது. மக்கள் எதிர்த்ததும் திருமண மண்டபங்களை அரசே அதிலிருந்து நீக்கியது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்மானம் போட்டதற்கு நன்றி. ஆனால் போட்ட தீர்மானம் என்ன ஆனது என்று பிறகு நீங்கள் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் அதை மறுபடி எடுங்கள். வருகைப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலை நூலகரிடம் கேட்டு வாங்கித் தீர்மானத்தோடு இணையுங்கள். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போக வேண்டுமென்றால் வாசகர் வட்டத்தில் நாங்கள் 9 பேர் தயாராக இருக்கிறோம்.

ஆட்சியர் அவர்களே, மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அந்த உரிமத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரை செய்யாதீர்கள். கோப்பில் கையெழுத்திடும் முன் ஒரே ஒரு நாள், முன்கூட்டித் தகவல் சொல்லாமல், மாலை 6 மணிக்கு எங்கள் கிளை நூலகத்துக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. கயிறு கட்டிய ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது படித்துப் பாருங்கள். திரும்பும்போது அந்தப் படிகளில் இறங்கிப் போங்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிள்ளையின் அட்டையை நூலகர் இன்னும் பெட்டியில் போடாமல் மேசை மேலேயே வைத்திருக்கிறார். அவளிடம் போய், இனி பயமில்லை வா என்று சொல்ல எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஒருத்தி