பாசாவ் சுவரில் பார்த்த கோடுகள்

அன்புள்ள சாந்தா,

நலம். முழங்கால் பரவாயில்லை, அவருக்குச் சர்க்கரை ஏறவில்லை, பெரியவன் ஜூலையில் வருகிறான். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். மற்றதைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, கடைசியில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கப்பல் ஏறி, மைன் ஆற்றில் மேல்நோக்கிப் போய், கால்வாய் வழியாக டான்யூப் ஆற்றுக்கு வந்து பாசாவ் என்ற ஊரில் இறங்கினோம். கப்பலில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறாள் என்று மோகனா கேலி செய்தாளே, அவளிடம் சொல்: ஊர் ஊராகக் கருங்கல் தெருக்களில் நடந்ததற்கு அவளுடைய காலை நடையெல்லாம் உறை போடக் காணாது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, மே மாதம் வெள்ளை ஆஸ்பாரகஸ் சீசனாம், சூப்பிலிருந்து குழம்புவரை எல்லாவற்றிலும் அதுதான். நான் கொண்டுபோன பருப்புப் பொடியை அவர் ஒருவரே காலி செய்தார்.

மில்டன்பெர்க்கில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ஒவ்வொன்றும் வரைந்து வைத்த மாதிரி, போட்டோ அனுப்பினேனே. பாம்பெர்க்கில் பழைய நகராட்சிக் கட்டடம் ஆற்றுக்கு நடுவே ஒரு சின்னச் செயற்கைத் தீவில் நிற்கிறது. அதன் சுவர் முழுக்க ஓவியம். ஓரிடத்தில் வரைந்த குழந்தை ஒன்றின் கால் மட்டும் சுவரை விட்டு நிஜமாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். உன் பேத்தி பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. வெர்ட்ஹைம் என்று ஒரு சின்ன ஊர், டாபர் என்ற ஆறு மைனில் கலக்கிற இடம். அங்கே பழைய வீட்டுச் சுவர்களில் கிடைக்கோடு, பக்கத்தில் வருஷம், அதற்கு மேல் இன்னொரு கோடு, இன்னொரு வருஷம். வெள்ளம் எதுவரை வந்தது என்பதன் கணக்கு. பார்த்ததிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் தேவாலயத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது நான் ஆற்றோரச் சுவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

நடுவில் அந்தக் கால்வாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பூகோள டீச்சரான உனக்குப் பிடிக்கும். மைன் தண்ணீர் ரைன் ஆற்றில் கலந்து வடகடலுக்குப் போகிறது, டான்யூப் தண்ணீர் கருங்கடலுக்கு. நடுவில் மேடு. 793-லேயே சார்லமேன் ராஜா இரண்டு பக்கத்து ஆறுகளையும் வெட்டி இணைக்கப் பார்த்திருக்கிறார். இப்போது நாங்கள் போன கால்வாய் 1992-ல்தான் முடிந்தது: 171 கிலோமீட்டர் நீளம், 16 லாக், அதாவது கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள். கப்பல் ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் நுழைகிறது, பின்னால் கதவு மூடுகிறது, தண்ணீர் நிரம்ப நிரம்பக் கப்பல் மேலே எழும்புகிறது. ஹில்போல்ட்ஸ்டைன் என்ற இடத்தில் ஒரே லாக்கில் 24.67 மீட்டர் ஏறினோம், எட்டு மாடி உயரம் இருக்கும். தொட்டியின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் ஏறக்குறைய பதினொன்றரை. ஜன்னலைத் திறந்தால் ஈரச்சுவர் ஒரு சாண் தூரத்தில், பாசி வாசனையோடு மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, உண்மையில் ஏறிக்கொண்டிருந்தது நாங்கள். உச்சி கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர். அங்கே கரையில் ஒரு கான்கிரீட் சின்னம், இந்தப் பக்கம் ஒரு கடல், அந்தப் பக்கம் ஒரு கடல் என்று எல்லை காட்டுகிறது. இருட்டில் அதற்காகவே நான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன்.

இத்தனை பெரிய கப்பலை மலைமேல் ஏற்றத் தெரிந்தவர்கள், சாந்தா. அவர்களாலும் 2013-ல் பாசாவைக் காப்பாற்ற முடியவில்லை.

பாசாவில் மூன்று ஆறுகள் சேர்கின்றன. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பச்சையாக இன், காட்டுச் சதுப்பிலிருந்து கறுப்பாக இல்ஸ், நடுவில் டான்யூப். முனையில் நின்றால் மூன்று நிறமும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் போவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த ஜூன் மாதம் மழை கொட்டி ஆறுகள் சேர்ந்தே பெருகியதில் தண்ணீர் 12.89 மீட்டருக்கு வந்துவிட்டது. ஐந்நூறு வருஷத்தில் அப்படி வந்ததில்லையாம். குடிதண்ணீரும் நின்றுபோய், பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் ஆள் திரட்டி மண்வெட்டியோடு சேறு வாரியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது உனக்கு யார் யார் முகம் ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும்.

டான்யூப் கரையில் நகராட்சிக் கட்டடச் சுவரில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. 1954 என்ற கோடே என் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. 2013-ஐப் பார்க்கக் கழுத்து வலித்தது. 1501 அதற்கும் மேலே. ஐந்நூறு வருஷத்துக் கணக்கை ஒரே சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள், கீழே மேஜை போட்டு ஜனங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளத்தை மட்டும் அல்ல. வூர்ட்ஸ்புர்க் நகராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை, உள்ளே ஊரின் மாதிரி, ஆனால் கூரையே இல்லாத சுவர்களாக. 1945 மார்ச் 16 இரவு இருபது நிமிஷக் குண்டுவீச்சில் ஊர் அப்படி ஆனது, ஐயாயிரம் பேர் அளவில் செத்தார்கள். ரேகன்ஸ்புர்க்கில் இன்னொன்று. 1519-ல் ஊர் மக்கள் யூதர்களைத் துரத்திவிட்டு அவர்களுடைய வழிபாட்டு இடத்தை இடித்திருக்கிறார்கள். இப்போது அந்த இடத்தில் அதன் தரைப்படத்தை வெள்ளைக் கான்கிரீட்டில் முழங்கால் உயரத்துக்கு எழுப்பி வைத்திருக்கிறார்கள். வேலி இல்லை, காவல் இல்லை, ஒரு பெண் அதன்மேல் உட்கார்ந்து குழந்தைக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தாள். தாங்கள் பட்டதையும் எழுதுகிறார்கள், தாங்கள் செய்ததையும் எழுதுகிறார்கள், அதுவும் தினமும் நடக்கிற வழியில். அதற்கு எத்தனை காலம் ஆயிற்று, எத்தனை சண்டை நடந்திருக்கும் என்பது வேறு விஷயம். எழுதியிருக்கிறார்கள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். ஆடி முடிந்ததும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போவதாகக் கார்த்திக் சொன்னான். மாடிப்படிச் சுவரில் 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீர் நின்ற பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது அல்லவா, அப்பாவின் புத்தக அலமாரி ஊறிப்போன உயரத்தில்? பெயிண்ட் தாராளமாக அடிக்கட்டும். அதற்கு முன்னால் அந்தக் கோட்டில் இரண்டு ஆணி அடித்து வை. அப்புறம் ஒரு முழக் கிரானைட் துண்டில் ஒரு கோடும் தேதியும் வெட்டி, வெளியே கேட் தூணுக்குப் பக்கத்தில் சரியாக அதே மட்டத்தில் பதிக்க வேண்டும். வீட்டு விலை இறங்கிவிடும் என்று மாப்பிள்ளை சொல்வார். சொல்லட்டும்டீ. உன் கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வருகிற பெண் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத் தன் சர்டிபிகேட்டுகளைப் பரணில் வைப்பாளா, கட்டிலுக்கு அடியில் வைப்பாளா? அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எத்தனை பேர் பட்டத்தையும் பத்திரத்தையும் வெயிலில் காயப் போட்டார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாம். உன் தெருவில் ஒரு கல் வந்தால் அடுத்த வீட்டுக்காரர் கேட்பார், அவர் வீட்டில் எதுவரை வந்தது என்று அவரே காட்டுவார். அசோசியேஷன் கூட்டத்தில் பேசவும் உன்னைவிட்டால் ஆள் கிடையாது, ஹாஸ்டலில் மோர்க்குழம்புக்காக வார்டனையே மடக்கியவள் நீ.

கல் வெட்டுகிறவரை நான் விசாரித்துவிட்டேன், எழுத்துக்குக் கணக்குப் போட்டு வாங்குவாராம், நான் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்போடு வருகிறேன். ரசமட்டம் கார்த்திக்கிடம் இருக்கும், கேட்டு வை. மோகனாவையும் வரச் சொல், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
ரேவதி