கடல் ஏறிய நாளில் கைகொடுத்தவர்களுக்கு

அன்பும் மதிப்பும் மிக்க உங்கள் அனைவருக்கும்,

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்றும் அதைத் தொடர்ந்த வாரங்களிலும் திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக் கரையோரத்தில் வாழும் எங்கள் குடும்பங்களுக்குத் துணைநின்ற உங்களுக்கு, நாங்கள் கூடிப் பேசி இம்மடலை எழுதுகிறோம். உங்களிற் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. முகம் மட்டும் நினைவில் நிற்பவர்களும் உண்டு, குரல் மட்டும் நினைவில் நிற்பவர்களும் உண்டு. அதனாலேயே இதனை ஒருவர் பெயருக்கு எழுதாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிடுகிறோம். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அன்று நான் உயர்தர வகுப்பில் புவியியல் படித்துக்கொண்டிருந்த மாணவி.

முதல் நன்றி கரைவலை வாடியில் இருந்த முதியவருக்கு உரியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். பெரும்பாலானோர் வீட்டில் இருந்தோம். காலை ஒன்பது மணியை அண்டிய வேளையில் கடல்நீர் வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தைத் தாண்டி முற்றங்கள்வரை வந்து வடிந்தது. பிறகு கடல் உள்வாங்கி, ஒருநாளும் வெளித்தெரியாத பாறைகள் தெரிய, அவற்றைப் பார்க்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் கீழே இறங்கினார்கள். அந்த நேரத்தில், "ஓடுங்கோ, ஒண்டையும் எடுக்காதேங்கோ, ஓடுங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தியபடி கரை நெடுகிலும் சென்றவர் அவர். சுனாமி என்ற பெயரையே அவர் அதற்கு முன் கேட்டதில்லை. தன் ஆயுளில் கடல் இப்படிப் போனதில்லை என்பதும், போன நீர் போன இடத்தில் நிற்காது என்பதுமே அவருக்குத் தெரிந்தவை. அவர் சொற்கேட்டு வீதிக்கு அப்பால் மேட்டு நிலத்திற்கு ஓடியவர்களே இம்மடலில் கையொப்பமிடுவோரிற் பெரும்பாலானோர். அவர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது அலைக்குப் பிறகு தகரக் கூரைகளுக்கும் முள்வேலிகளுக்கும் இடையில் சிக்கியவர்களை இழுத்தெடுத்த இளைஞர்களுக்கும், ஐஸ் கட்டி ஏற்றும் தனது லொறியில் காயப்பட்டவர்களைக் கிடத்தி நகரத்துக்கும் கரைக்குமாகப் பொழுதுபடும்வரை ஓடிய சாரதிக்கும் நன்றி. அந்தச் சாரதியின் சொந்தத் தங்கையை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் அன்றிரவு நின்ற நிலையை எழுத எனக்குச் சொல் போதாது. கிண்ணியாவில் வைத்தியசாலைக்குள்ளேயே கடல் புகுந்துவிட்டது. கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது என்பதால் அங்கிருந்து வந்த காயக்காரர்கள் படகுப் பாதையில் நீரைக் கடந்தே வரவேண்டியிருந்தது. விறாந்தையில், படிக்கட்டில், மரநிழலில் கிடந்தவர்களின் காயங்களிலிருந்து மணலைக் கழுவி, தையல் போட்டு, ஏற்பு ஊசி ஏற்றிய கைகள் எவருடையவை என்று கேட்கவும் எங்களுக்கு அன்று தோன்றவில்லை.

நகரிலும் அயலிலும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் அடுப்பு மூட்டின. கந்தளாய்ப் பக்கத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் சோற்றுப் பார்சல்களும் பருப்பும் கொண்டுவந்த சிங்கள விவசாயிகள், எங்கள் மொழி தெரியாமல் கையசைத்துக் கூப்பிட்டுப் பார்சலைத் திணித்துவிட்டுப் போனார்கள். வெளிநாடுகளிலிருந்தும், இந்தியக் கடற்படைக் கப்பல்களிலும் வந்த உதவிகளுக்கும் நன்றி சொல்கிறோம். ஆனால் அவை வந்துசேருமுன் எங்கள் பிள்ளைகளின் பசியை ஆற்றியவர்கள் அயலூரவர்களே என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம்.

இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரக் கரைகளில் 14 நாடுகளிலுமாக இறந்தோரும் காணாமற் போனோரும் ஏறத்தாழ 2,30,000 பேர். எங்கள் மாவட்டத்தில் இறந்தோர் தொகை ஆயிரத்தை அண்டியது. அந்த ஆயிரத்துள் எங்களுடையவர்களை வெறும் எண்ணாகப் போகவிடாத ஒருவருக்கு நாங்கள் தனியே கடமைப்பட்டுள்ளோம். அடக்கம் செய்யும் இடத்தில் அவர் ஒரு மாணவர் அப்பியாசக் கொப்பியுடன் நின்றார். உடல்களை விரைந்து புதைக்காவிட்டால் கொள்ளைநோய் வரும் என்று பலரும் அவசரப்படுத்தினார்கள். அவரோ, நோய் பரவுவது கெட்ட தண்ணீராலேயன்றி இப்படித் திடீரென இறந்தவர்களின் உடலால் அல்ல என்று சுகாதார அலுவலர் சொன்னதை மீண்டும் மீண்டும் எடுத்துச்சொல்லி, ஒவ்வோர் உடலுக்கும் ஓர் இலக்கமிட்டு, உடுப்பின் நிறம், காப்பு, தாலி, பழைய தழும்பு என்று கண்டதையெல்லாம் நீல மையால் எழுதினார். படம் எடுக்கக்கூடிய ஒருவரைத் தேடிப்பிடித்து முகங்களைப் படமெடுக்கவும் வைத்தார். "சிவப்புப் பூப்போட்ட சட்டை, இடது காதில் மட்டும் தோடு" என்ற ஒரு வரியால் ஒரு தாய் தன் மகள் கிடக்கும் இடத்தை அறிந்தார். அந்த இடத்தில் இன்றும் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்.

கிணறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர் வடிந்தபின் ஒவ்வொரு கிணறும் சேறும் உப்புமாகக் கிடந்தது. தண்ணீர்ப் பம்பி வைத்து அடிமட்டம்வரை இறைத்தால் நல்ல நீர் ஊறும் என்று நம்பி நாங்கள் இறைத்தோம். உப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போது வெளியூரிலிருந்து வந்த இருவர், உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவியொன்றைக் கயிற்றில் கட்டி ஒரு கிணற்றின் மேல்நீரிலும் அடிநீரிலும் இறக்கி எங்களுக்குக் காட்டினார்கள். மேலே காட்டிய எண்ணும் கீழே காட்டிய எண்ணும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். எங்கள் மணல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, பாரமான உப்புநீரின் மேல் தங்கி நிற்கிறது என்றும், வேகமாக இறைத்தால் அந்த மெல்லிய நன்னீர்ப் படை அழிந்து அடியிலுள்ள உப்பு மேலேறும் என்றும் விளக்கினார்கள். சேற்றை ஒரு தடவை மெதுவாக அகற்றி, குளோரின் இட்டு, மாரிமழைக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை பவுசரில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் ஒருநாளும் எங்களைக் காயவிடவில்லை. அடுத்தடுத்த மாரிகளில் கிணறுகள் படிப்படியாகத் தெளிந்தன. அந்த இருவரும் வந்திராவிட்டால் நாங்களே எங்கள் கிணறுகளைக் கெடுத்திருப்போம்.

இனி நான் எழுதப்போவது, எனக்கு எல்லாவற்றிலும் பெரிய உதவியாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி. இடைத்தங்கல் முகாமாக இருந்த பாடசாலையில் எங்களோடு தங்கிய தாய் ஒருவர், மாரியம்மனுக்கு வைத்த நேர்த்தியைச் செலுத்தாமல் விட்டதாலேயே கடல் தன் மகனை எடுத்தது என்று ஓயாமல் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவரைப்போலத் தங்கள் தங்கள் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் பலர். அந்தப் பாடசாலையின் புவியியல் ஆசிரியர், தாமும் வீட்டை இழந்தவர், ஒருநாள் மாலை எங்கள் எல்லோரையும் ஒரு வகுப்பறைக்குள் அழைத்து, மேசை விளிம்பில் ஓர் அடிமட்டத்தை வைத்து, அதன் நுனியை விரலால் மெல்ல மெல்லக் கீழே அழுத்திக் காட்டினார்.

பூமியின் மேலோட்டுப் பெரும்பாறைத் தட்டுகளுள் ஒன்றான இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்ந்து, சுமாத்திராவுக்கும் அந்தமான், நிக்கோபார்த் தீவுகளுக்கும் மேற்கே, பர்மாத் தட்டின் கீழ் அமிழ்கிறது. இரண்டும் பொருந்தும் இடம் வழுக்காமல் இறுகிக் கிடப்பதால் மேலே உள்ள தட்டின் விளிம்பும் அதனோடு கீழே இழுபட்டு வளைகிறது. அந்த வளைவு நூற்றாண்டுக் கணக்கில் சேர்கிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் விரலை எடுத்தார். அடிமட்டம் துள்ளி மேலெழுந்தது. டிசம்பர் 26 காலை, எங்கள் நேரப்படி ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், கடலடியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஆழத்தில் இதுவே நடந்தது. முறிவு சுமாத்திராவின் வடமேற்கே தொடங்கி வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது; ஓடி முடிய எட்டுப் பத்து நிமிடங்கள் ஆகின. அந்த நிலநடுக்கத்தின் பருமன் 9.1. கடல்தளம் சில மீற்றர் உயர்ந்தபோது அதன் மேலிருந்த முழுக் கடலும் உயர்ந்தது.

முறிவு தெற்கு வடக்காகக் கிடந்ததால் அலையின் பெரும்பலம் கிழக்கே தாய்லாந்தையும் மேற்கே எங்களையும் தமிழ்நாட்டையும் நோக்கியே சென்றது. வடக்கே இருந்த வங்காளதேசம் பெருமளவு தப்பியது. கடல்தளம் மேற்குப் பக்கத்தில் உயர்ந்து கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்ததால் தாய்லாந்தில் முதலில் கடல் வற்ற, எங்கள் பக்கத்தில் முதலில் நீர் ஏறியது. ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்த அந்த அலையின் உயரத்தைச் செய்மதி ஒன்று அளந்தபோது அது 60 சென்ரிமீற்றர் அளவே இருந்தது; கரையை அண்ட அண்ட வேகம் குறைந்து, பின்னால் வந்த நீர் முன்னால் நின்ற நீரின்மேல் குவிந்து, மதிலாக எழுந்தது.

அதைவிட என் மனதை அழுத்திய செய்தி ஒன்றைப் பிற்பாடு படித்தேன். நிலநடுக்கத்தின் முதல் அதிர்வு நான்கு நிமிடங்களுக்குள் எங்கள் காலடியைக் கடந்து சென்றிருக்கிறது. பல்லேகலையில் உள்ள பதிவு நிலையத்தின் கருவி, தரை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியதைப் பதிந்திருக்கிறது. அசைவு மிக மெதுவானதாகையால் எங்களில் எவரும் உணரவில்லை. கருவி அறிந்ததற்கும் கடல் வந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்தை ஒட்டிய அவகாசம் இருந்தது. அந்தச் செய்தியைக் கரைக்குக் கொண்டுவர அன்று இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

ஆசிரியர் பேசி முடித்ததும் அந்தத் தாய், "அப்ப, நான் பிறக்க முந்தியே இது துவங்கீட்டுதா, சேர்?" என்று கேட்டார். "ஓம் அம்மா, எங்கட பூட்டன்மார் பிறக்க முந்தியே" என்றார் அவர். அன்றிரவு அந்தத் தாய் நித்திரை கொண்டார். சேர், உங்களுக்கு எங்கள் நன்றி. 2005 ஜனவரியில் வந்து, சுவர்களில் நீர் விட்ட அடையாளத்தை அளந்து, எங்களிடம் பொறுமையாகக் கேட்டெழுதிச் சென்ற பன்னாட்டு ஆய்வாளர்களுக்கும் நன்றி. உங்களைப் போன்றவர்கள் எழுதியவற்றைக் கொண்டுதான் இன்று நான் என் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறேன்.

கடலில் பிணம் கிடந்ததென்று மீனை எவரும் தொடாத அந்த மாதங்களில், சந்தையில் எல்லோரும் பார்க்க எங்கள் மீனை வாங்கிச் சமைத்த நகரத்துக் குடும்பங்களை எங்கள் தொழிலாளர்கள் மறக்கவில்லை. வள்ளமும் வலையும் தந்தவர்களுக்கு எங்கள் சங்கம் முன்னரே தனித்தனியாக எழுதியிருக்கிறது.

எச்சரிக்கை செய்தவர்களுக்கும் நன்றி. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவின் நியாஸ் தீவருகே மீண்டும் நிலம் நடுங்கியபோது, வானொலிச் செய்தியைக் கேட்டு இருட்டில் வீடு வீடாகத் தட்டி எழுப்பியவர்கள் எங்கள் ஊர் இளைஞர்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகல், புத்தாண்டுக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த வேளையில் 8.6 பருமனில் நடுக்கம் ஏற்பட்டபோது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தல் வந்தது. முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சென்றவர்களின் குரல்கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு வெளியேறினோம். அன்று தட்டு மேலெழாமல் பக்கவாட்டில் வழுக்கியதால் பேரலை எழவில்லை. அலை வராததற்காக ஒருவரும் உங்களைக் குறைசொல்லவில்லை என்பதை அந்த அறிவித்தலை விடுத்தவர்கள் அறிய வேண்டும். நாங்கள் எல்லோரும் நடந்து வெளியேறி நடந்தே வீடு திரும்பினோம்.

லொறிச் சாரதியையும், கொப்பியோடு நின்றவரையும், கிணற்றுக்கு வந்த இருவரையும் அறிந்தவர்கள் தயவுசெய்து இம்மடலை அவர்களிடம் சேர்ப்பியுங்கள். டிசம்பர் 26 காலை 9.25 க்கு மௌன அஞ்சலி முடிந்ததும் எங்கள் பாடசாலையில் அன்னதானம் நடைபெறும். வர இயலுமானவர்கள் குடும்பத்தோடு வாருங்கள். வந்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிவைத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
நிலாவெளிக் கரையோரக் குடும்பங்கள்,
திருகோணமலை